முதல் தண்ணீர்

"தம்பி, மொதத் தண்ணியப் பிடிங்க. அதுலதான் நாத்தம் வருது."

தாராவிச் சந்தில் அந்த ஆச்சி இதைச் சொன்னபோது, குடிநீரைப் பரிசோதிக்க எடுத்துப்போக வந்திருந்த நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழாய் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அப்படிப் பிடிச்சா ரிசல்ட் தப்பா வரும் ஆச்சி" என்றேன். பித்தளைக் குழாயைத் தீயில் வாட்டி, திறந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் ஓடவிட்டேன். இடுப்பில் குடத்தோடு நின்றவள் கீழே ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கீழ விடுத தண்ணி எங்களுக்கு ரெண்டு கொடம் தம்பி."

நான் செய்தது முறைப்படிதான். குழாய்க்குள் தேங்கியிருப்பது வெளியேறி, பெரிய குழாயிலிருந்து வருவது வந்த பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். நானும் 26 வருடமாகப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறேன். பாட்டிலில் முன்கூட்டியே குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்டிருப்போம். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, இருந்ததை இல்லாததாகக் காட்டிவிடும். ஐஸ் பெட்டி, நேரம், கையெழுத்து எதிலும் குறை வைக்கவில்லை.

மறுநாள், கிருமியை வளரவிடும் 44.5 டிகிரி இன்குபேட்டரிலிருந்து தட்டை எடுத்தேன். தண்ணீரை வடித்த, கட்டம் போட்ட வெள்ளைத் தாளில், கிருமி இருந்தால் தெரியும் நீலப் புள்ளி ஒன்றுகூட இல்லை. 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது நம் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500. இல்லை. குடிக்க உகந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சந்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. ஒன்று ஆச்சியின் பேத்தி.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காமாலைக் கிருமி உடம்பில் புகுந்து கண் மஞ்சளாக இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நான் போவதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்குத் தொற்றியிருக்கலாம். தண்ணீரால்தான் வந்தது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர, அது வைரஸ். நான் தேடியதோ பாக்டீரியா. 1955 கடைசியில் டெல்லியில் நடந்ததை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். வஜீராபாத்தில் யமுனைத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் நஜஃப்கர் கால்வாய்ச் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியாவால் வரும் டைபாய்டு ஏறவில்லை; ஆனால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. பாக்டீரியா செத்தும் வைரஸ் தப்பியது. ஆக, என் தட்டு சுத்தமாக இருந்ததில் என் தப்பு என்ன?

இந்த இடம் வரை வரும்போது மனசு கொஞ்சம் ஆறும். அப்புறம் அந்த ஐஸ் பெட்டி ஞாபகத்துக்கு வரும். அன்று 12 பாட்டில் கொண்டுபோனேன். பத்தில்தான் தண்ணீர் பிடித்தேன். ஸ்டெரிலைஸ் செய்து, மூடிக்கு மேல் காகிதம் கட்டிய இரண்டு பாட்டில் காலியாகவே ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தன. ஆச்சி சொன்னபோது அதில் ஒன்றை எடுத்து நீட்ட அரை நிமிடம் ஆகியிருக்குமா?

எனக்குத் தெரியாத விஷயமாக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. உள்ளே அழுத்தம் இல்லை. குழாய் போவதோ சாக்கடைக்குள். மூட்டில் சின்னக் கசிவு இருந்தால் போதும், வெளியே கிடப்பது உள்ளே வந்துவிடும். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். விடியற்காலையில் தண்ணீர் திறக்கும்போது அதெல்லாம்தான் முதலில் வெளியே வரும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். வரிசையில் முதல் குடம் அந்த வாரம் ஆச்சி வீட்டின் முறை. அதைக் கீழே ஊற்ற அவளுக்கு வசதி இல்லை. நான் ஊற்றினேன்.

மறுபடி போனபோது திறந்த உடனே பிடித்தேன். பாட்டிலில் லேசான பழுப்பு. மறுநாள் தட்டில் நீலம், எண்ண முடியாத அளவுக்கு. ஆனால் எங்கள் ரிஜிஸ்டரில் அதற்கு இடம் இல்லை. "சாம்பிள் எடுத்த முறையே தப்பு" என்றார் மேலதிகாரி. அவர் சொன்னதும் சரிதான். ஆளுக்கொரு விதமாகப் பிடித்தால் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு எப்படி ஒப்பிடுவது? முறை என்று ஒன்று வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடுவேன். குழாயை மாற்றச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அதற்குள் பேத்தி தேறிவிட்டாள்.

கடிதத்தின் நகலைக் கொடுக்கப் போனேன். ஆச்சி அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "அன்னைக்கு என்ன எழுதுனீங்க தம்பி?" என்று கேட்டாள்.

"நல்ல தண்ணின்னு எழுதினேன் ஆச்சி."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பிடிச்சது நல்ல தண்ணிதான?" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். காய்ச்சியதா என்று கேட்க வாய் வரவில்லை. வாங்கிக் குடித்தேன்.