காடு எங்கே, சாமி?

பொங்கலுக்குக் காங்கேயம் வந்த இடத்தில், 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கேட்டார்: "ஏஞ்சாமி, ஊர்ல இத்தனை பேரு இருக்கறாங்க, காட்டுல நாலு முட்டைக்கோசுதான் நிக்குது. சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

சரியான கேள்வி! (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்.) கோட்டை, குதிரை, கொல்லன் பட்டறை எல்லாம் உண்டு. களத்துமேட்டைக் காணோம். பாழுங்குகையில் கிடந்த ரொட்டிகூடப் பூசணம் பிடிப்பதில்லை.

அப்புறம் 1403ஆம் ஆண்டு பொஹிமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நடக்கும் கிங்டம் கம் டெலிவரன்ஸ் என்ற இன்னொரு கேமைக் காட்டினேன். அதில் பையில் வைத்த சாப்பாடு கெட்டுப்போகும், குளிக்காமல் போனால் மரியாதை குறையும். அப்பிச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது ஊரு. கெணறு எங்கிருக்குதுன்னு காட்டு கண்ணு" என்றார்.