எந்த மொழி எழுத்திலும் மின்னஞ்சல் முகவரி: எங்கள் மென்பொருளை மாற்றிய அனுபவம்

எங்கள் குழு பராமரிக்கும் உறுப்பினர் பதிவு மென்பொருளில் ஒரு வேலை என்னிடம் வந்தது. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தோ, தமிழோ, சீனமோ, மின்னஞ்சல் முகவரி எந்த எழுத்தில் இருந்தாலும் பதிவு நடக்க வேண்டும், அதற்கு அஞ்சலும் போய்ச் சேர வேண்டும். அதுவரை அப்படிப்பட்ட முகவரிகளைப் படிவம் "செல்லாதது" என்று தள்ளிக்கொண்டிருந்தது. தினமும் அந்தப் பெட்டியில் கடிதம் வாங்குகிற ஒருவரிடம் போய் உங்கள் முகவரி செல்லாது என்பது எனக்கு உறுத்தியது. இதற்கான இணையத் தரநிலை ஆவணங்களான ஆர்எஃப்சி 6530 முதல் 6533 வரை 2012 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டன. ஜிமெயில் 2014-இல் இத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறத் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் 2015-இல் வந்த 3.0 பதிப்பில் ஆதரவைச் சேர்த்தது.

குழுவில் முதலில் எழுந்த யோசனை, கோடுகளை நீக்கிவிட்டு வெறும் ஆங்கில எழுத்தாகச் சேமிக்கலாம் என்பது. நான் கடுமையாக எதிர்த்தேன். @ குறிக்கு இடப்பக்கம் உள்ளதைப் பொருள்கொள்ளும் உரிமை அந்த அஞ்சலைப் பெறும் சர்வருக்கு மட்டுமே உண்டு. அஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. கோட்டை நீக்கினால் கிடைப்பது வேறொருவருடைய முகவரியாக இருக்கலாம். கடவுச்சொல் மாற்றும் இணைப்பு அந்த வேறொருவருக்குப் போய்விடும். கடைசி வரை நான் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்: அவர் கொடுத்த முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வலப்பக்கம், அதாவது டொமைன், சுலபம். பியூனிகோட் முறையில் அதை ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றலாம். டொமைன் பெயரை வைத்துச் சர்வரைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அதைத்தான் பார்க்கிறது. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டியிருந்தது. நாங்கள் பயன்படுத்தும் பைத்தான் நிரல்மொழியோடு வரும் மாற்றி 2003-ஆம் ஆண்டு விதியைப் பின்பற்றுகிறது. ஜெர்மன் மொழியின் கூர்மையான எஸ் எழுத்தை அது இரண்டு எஸ் ஆக்கிவிடும். 2008 விதியில் அது தனி எழுத்து, ஆகவே தனி டொமைன். புது விதியைப் பின்பற்றும் நிரல் நூலகத்தை நிறுவிக்கொண்டோம்.

இடப்பக்கத்துக்கு இப்படி ஒரு மாற்று வடிவமே கிடையாது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையிலேயே போக வேண்டும். அனுப்புநர் பெயரில் தமிழ் பல ஆண்டுகளாக வருகிறதே, இதில் என்ன புதிது என்று சிலர் கேட்டார்கள். பெயரைக் குறியீடாக மாற்றி அனுப்ப 1990-களிலேயே வழி வந்துவிட்டது. அந்த வழி முகவரிக்குப் பொருந்தாது.

படிவத்தில் இரண்டு தடைகள் இருந்தன. உலாவியின் மின்னஞ்சல் வகைப் பெட்டி இடப்பக்கத்தில் ஆங்கிலம் தவிர எதையும் ஏற்கவில்லை. அதைச் சாதாரண உரைப் பெட்டியாக்கி, கைபேசியில் மின்னஞ்சல் விசைப்பலகை மட்டும் வரும்படி வைத்தோம். அடுத்தது சரிபார்ப்பு ரெஜெக்ஸ், அதாவது எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் வடிவ விதி. "எந்த மொழியின் எழுத்தும்" என்று எழுதினால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். தமிழுக்கு அது போதாது. யூனிகோடில் க, ர போன்றவை எழுத்து வகை. புள்ளியும் கால், கொம்பு முதலான உயிர்க்குறிகளும் 'குறி' என்ற தனி வகை. அந்த வகையைச் சேர்க்காவிட்டால், புள்ளி வைத்த ஒரு மெய்யெழுத்தைக்கூட முகவரியில் எழுத முடியாது. நீளத்தையும் மாற்றி எண்ண வேண்டியிருந்தது. இடப்பக்கத்துக்கான வரம்பு 64 பைட்டுகள், எழுத்துகள் அல்ல. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு பிடிக்கும், உயிர்க்குறியும் தனிக் கணக்கு. ஆக 21 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை.

அதிக நேரம் எடுத்தது ஒப்பிடும் வேலை. 'கொ' என்று திரையில் தெரிவதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும், அல்லது ககரமும் ஒற்றைக்கொம்பும் காலும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பைட்டுகள் வேறு. ஒருவர் கைபேசியில் பதிவு செய்துவிட்டுக் கணினியில் உள்நுழைந்தால் "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்று வரக்கூடும். பிரெஞ்சு எழுத்துகளுக்கும் இதே நிலைதான்: கோட்டோடு சேர்ந்த ஒரே எழுத்து ஒன்று, எழுத்தும் கோடும் தனித்தனியாக வருவது மற்றொன்று. எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இவை ஒன்றாகிவிடும். தரநிலையும் அதையே பரிந்துரைக்கிறது.

ஆனால் 'கௌரி', 'கெளரி' இரண்டையும் என்எஃப்சி சேர்க்காது. முன்னதில் இருப்பது ஔகாரக் குறி. பின்னதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். இவற்றை நாமாக ஒன்றாக்கக் கூடாது, ஏனென்றால் பெறும் சர்வரில் இவை இரண்டு தனிப் பெட்டிகளாக இருக்கலாம். புதிதாக ஒருவர் பதிவு செய்யும்போது, ஏற்கெனவே உள்ள ஒன்றோடு பார்வைக்கு ஒத்திருந்தால் அந்தக் கணக்கை எங்கள் பார்வைக்கு நிறுத்திவைக்கும்படி செய்தோம்.

டேட்டாபேஸில் இதற்கு நேர்மாறான ஆபத்து. மைஎஸ்க்யூஎல் 8.0-இன் இயல்பான ஒப்பீட்டு முறை, தலையில் கோடு உள்ள எழுத்தையும் கோடில்லாத எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். இருவேறு மனிதர்களின் முகவரிகள் ஒன்றாகிவிடும். இது வெறும் ஊகமில்லை. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ மென்பொருள் 2019 டிசம்பரில் சரிசெய்த ஒரு பாதுகாப்புக் குறை இதே வகையைச் சேர்ந்தது: துருக்கி மொழியின் புள்ளியில்லாத 'ı' (ஆங்கில i போலத் தெரிவது) போன்ற எழுத்தை வைத்து, ஒருவருடைய கடவுச்சொல் மாற்றும் இணைப்பை வேறொரு முகவரிக்கு வரவழைக்க முடிந்தது. அதற்கான தீர்வு, படிவத்தில் இப்போது எழுதப்பட்ட முகவரிக்கு அனுப்பாமல், கணக்கில் சேமித்து வைத்திருக்கும் முகவரிக்கே அனுப்புவது. நாங்களும் அப்படியே மாற்றினோம். முகவரிக்கு இரண்டு நெடுவரிசைகள் வைத்தோம். ஒன்றில் பயனர் பதிவின்போது எழுதியது எழுதியபடி. அஞ்சல் அதற்குத்தான் போகும். இன்னொன்றில் என்எஃப்சி வடிவம், பைட்டு பைட்டாக ஒப்பிடும் முறையில், தேடுவதற்கு மட்டும்.

மிஞ்சியது அனுப்புதல். வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் தொடக்க அறிமுகத்திலேயே இத்தகைய முகவரிகளைக் கையாளும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற வசதி தன்னிடம் இருப்பதாக அறிவிக்க வேண்டும். ஒன்று அறிவிக்காவிட்டாலும் அஞ்சல் அங்கேயே நின்று திரும்பிவிடும். பழைய சர்வருக்கு ஏற்ப முகவரியை வழியிலேயே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு முந்தைய சோதனைத் தரநிலையில் இருந்தது. 2012-இல் அதைக் கைவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஊகித்து அனுப்புவதைவிடத் திருப்பி அனுப்புவது மேல்.

நாங்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தும் அஞ்சல் சேவை அந்த அறிவிப்பைச் செய்யவில்லை. பைத்தானின் எஸ்எம்டிபி நூலகம் அனுப்பும் முன்பே பிழை காட்டி நின்றது. ஆகவே இடப்பக்கத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள முகவரிகளை மட்டும் நாங்களே நடத்தும் போஸ்ட்ஃபிக்ஸ் வழியாகத் திருப்பினோம். மற்றவை பழைய வழியில் போகின்றன. எங்கள் சர்வரைத் தாண்டிய பிறகு 5.6.7 என்ற குறியீட்டோடு திரும்பிவந்தால், பெறும் பக்கம் ஆங்கிலம் அல்லாத முகவரியை அனுமதிக்கவில்லை என்று பொருள். அப்போது கணக்கை முடக்காமல், அடுத்த முறை உள்நுழையும்போது விருப்பமிருந்தால் இன்னொரு முகவரி தரும்படி கேட்கிறோம். முதல் முகவரி பட்டியலில் அப்படியே இருக்கும். அவர் நீக்கினால்தான் நீங்கும்.