மிருதங்க ரெக்கார்டிங்கும் எக்ஸ்ரன்னும்

மார்ச் 7, சனி
மாமாவோட மிருதங்க தனி ஆவர்த்தனத்த லினக்ஸ் லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணோம், ஆர்டோர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெண்டு ட்ராக், வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக் தொப்பிக்கு (இடது முகம்) ஒரு மைக். போட்டுக் கேட்டா நடுநடுவுல டிக் டிக்னு வெட்டு. டிஎஸ்பி லோடு, அதாவது ஆடியோ வேலையோட பாரம், பாதி கூட தாண்டல, ஆனா பக்கத்துல எக்ஸ்ரன் (ஆடியோ வேலை நேரத்துக்குள்ள முடியாம விட்டுப்போறது) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கிட்டே போகுது. தொம் அடிச்சு அந்த கார்வை (நீளுற நாதம்) நிக்கும்போது வெட்டு விழுந்தா நெஞ்சே பதறுது, விடுபட்ட சாம்பிள, அதாவது ஒலித் துணுக்க, எந்த எடிட்டிங்கும் திருப்பித் தராது. மாமா ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு "என்ன மாப்ள, சாப்பு பாதியில செத்துப் போகுது"ன்னார், சாப்புங்கறது வலந்தலையில அடிக்கிற ஒரு அடி.

மார்ச் 8, ஞாயிறு
யாரைக் கேட்டாலும் பஃபரை, அதாவது ஒரு தடவைக்கு சேர்த்து அனுப்புற ஆடியோ அளவை, ஏத்துங்குறாங்க. 48000 ஹெர்ட்ஸ்ல 128 ஃப்ரேம் பஃபர்னா 2.67 மில்லிசெகண்ட், 1024-னா 21-க்கு மேல, அதுவும் போக வர ரெண்டு பக்கமும் சேரும். தான் அடிச்சது காதுக்கு இவ்ளோ லேட்டா வந்தா வாசிக்கிறவர் காலப்பிரமாணம் என்ன ஆகுறது, அதனால பஃபரைத் தொடல. சிபியு சும்மா இருக்கறதால மட்டும் பத்தாது, ஒவ்வொரு 2.67-க்குள்ளயும் ஆடியோ வேலை முடிஞ்சே ஆகணும், ஒரே ஒரு தடவை வேற ஏதாவது வழிமறிச்சா முடிஞ்சது கதை. சாயங்காலம் யூசரை ஆடியோ குரூப்ல சேர்த்து லிமிட்ஸ் ஃபைல்ல ஆர்டிபிரையோ (ரியல்டைம் முன்னுரிமை) 95, மெம்லாக் (மெமரிய பூட்டி வெச்சுக்கிற அளவு) அன்லிமிடெட்னு போட்டேன். லாகவுட் பண்ணி உள்ள வந்தா யூலிமிட் கமாண்ட் 95 காட்டுது. வெட்டு குறைஞ்சிருக்கு, போகல.

மார்ச் 10, செவ்வாய்
சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரை பவர்சேவ்ல இருந்து பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்தியாச்சு. லினக்ஸோட மையமான கெர்னலையும் 6.12-க்கு ஏத்துனேன். பல வருஷமா தனி பேட்ச்சா திரிஞ்ச, வேலைய குறிச்ச நேரத்துக்குள்ள நடக்க வைக்கிற ரியல்டைம் வசதி 2024-ல இந்த வெர்ஷன்லதான் மெயின் கெர்னலுக்குள்ளயே வந்துச்சு, அந்த ஆப்ஷனைப் போட்டு பில்ட் பண்ண கெர்னலாப் பார்த்து எடுத்தேன். நம்மள மாதிரி வீட்டுல ரெக்கார்ட் பண்றவங்களுக்கு இது எவ்ளோ பெரிய வரம்! ஆனாலும் அப்பப்போ ஒரு டிக்.

மார்ச் 14, சனி
பிடிபட்டுச்சு! ஆடியோவ நடத்துற பைப்வயரோட பிடபிள்யூ-டாப் கமாண்டை ஓடவிட்டு எரர் எண்ணிக்கை வர்ற பத்தியையே பார்த்துக்கிட்டு உக்காந்தேன், வைஃபைய அணைச்சேன், ப்ளூடூத்த அணைச்சேன், ஒண்ணொண்ணா. எண் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. மாமா விரலைப் படம் பிடிக்கிற வெப்கேமை உருவுனதும் அப்படியே நின்னுடுச்சு, திரும்ப மாட்டுனா திரும்ப ஏறுது. யூஎஸ்பி சாதனங்களக் காட்டுற எல்எஸ்யூஎஸ்பிய ட்ரீயா (கிளை கிளையா) போட்டுப் பார்த்தா கேமராவும், மைக்க லேப்டாப்போட இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரே ஹப்புக்கு கீழ. ரெண்டுமே நேரம் தவறாம டேட்டா ஓடணும்னு கேக்குற சாதனம், ஒரே வாசல்ல முட்டிக்கிட்டா பின்ன என்ன ஆகும். ஹப்பை விட்டுட்டு இன்டர்ஃபேஸை நேரா லேப்டாப் போர்ட்ல சொருகுனேன், வீடியோவ போனுக்கு மாத்திட்டேன். யாராவது இதே தொல்லையில இருந்தா கெர்னல் பக்கம் போறதுக்கு முன்னாடி அந்த ட்ரீய ஒரு தடவை பார்த்துடுங்க ப்ளீஸ்.

மார்ச் 15, ஞாயிறு
128-லயே வெச்சு, எக்ஸ்ரன் வந்தா ரெக்கார்டிங் நிக்கணும்னு ஆர்டோர்ல டிக் போட்டுட்டு ஆரம்பிச்சோம். ஆதி தாளம், திஸ்ரம் (மூணு மூணா வர்ற நடை) போயி மோரா, கோர்வைன்னு முடிக்கிற கட்டுகள் வரைக்கும் மனுஷன் பின்னி எடுத்துட்டார், ஒரு இடத்துல கூட நிக்கல, எரர் பத்தியில பூஜ்யம் பூஜ்யமாவே இருந்துச்சு. போன் வீடியோவ முதல் அடிய வெச்சு சேர்த்துக்கலாம். அடுத்து கஞ்சிரா, அதுக்கு ஒரு மைக் போதும்.