வலது கையில் கடிகாரம்

நான் சினிமா எடிட்டர். அந்தப் படத்தை வெட்டி முடித்துச் சில வருஷம் ஆகிறது. இன்னும் யாராவது கைக்கடிகாரத்தோடு என் எதிரில் உட்கார்ந்தால், எந்தக் கையில் கட்டியிருக்கிறார் என்று கண் தானாகப் போய்ப் பார்க்கிறது.

கதை சின்னதுதான். உளவியல் முதுகலை படிக்கும் ஒரு பெண். அவள் காதலன் ஒரு சாயங்காலம் நூலகப் படிக்கட்டில் அவளோடு பேசிவிட்டுப் போகிறான். அப்புறம் ஆளைக் காணோம். அவனைக் கடைசியாகப் பார்த்தவள் அவள் என்பதால் விசாரணை அதிகாரி திரும்பத் திரும்ப அவளிடமே வருகிறார். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் படிக்கட்டுச் சந்திப்பு படத்தில் ஏழு முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி. முதல் தடவை அவன் சிரித்துவிட்டுப் போவான். நாலாவது தடவை சிரிக்கமாட்டான். ஆறாவது தடவை, அவன் அங்கே வந்தானா என்பதே சந்தேகமாகிவிடும்.

ஒரே ஷாட்டைப் பல தடவை எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். வழக்கமாக நல்ல டேக்கைப் பொறுக்கிக்கொண்டு மீதியை மறந்துவிடுவோம். இந்தப் படத்துக்குச் சொதப்பிய டேக்கும் வேண்டியிருந்தது. நடிகர் வசனத்தை மறந்து ஒரு கணம் திகைத்து நின்ற டேக் ஒன்று கிடந்தது. ஐந்தாவது முறைக்கு அதைத்தான் வைத்தேன். பார்த்தவர்கள், அவன் எதையோ மறைக்கிறான் என்றார்கள். பாவம், அவருக்கு வசனம் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இயக்குநர் உளவியல் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆட்கள் இருந்தால் நான் ‘மேடம்’ என்பேன். எடிட் அறைக்குள் அது ‘ஏம்மா’ ஆகிவிடும். அவருக்கு நான் எப்போதும் ‘அண்ணா’தான். முதல் நாளே, எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிச் சொன்னார். கார் விபத்துப் படத்துண்டைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று மாணவர்களைக் கேட்டார்கள். சிலரிடம் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று காதில் விழுந்தவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்கிய’ கூட்டத்தில் 50 பேருக்கு 16 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘இடித்த’ கூட்டத்தில் 50-க்கு 7. படத்துண்டில் கண்ணாடி உடையவே இல்லை.

“ஆபீசர் கேக்குற கேள்விதான் அண்ணா அந்தப் படிக்கட்டை மாத்துது. அவ பொய் சொல்லல” என்றார்.

எனக்கு அது போதும். அதுவரை எந்த இடத்தில் டேக்கை மாற்றுவது என்று குத்துமதிப்பாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அதிகாரி வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். “கோபமா போனானா?” என்று அவர் கேட்கும்போதே, கேள்வி முடிவதற்குள் படிக்கட்டுக்குப் போய்விடுவேன். ‘கோபமா’ என்ற சொல் அவன் முகத்தின் மேல் வந்து விழும். மூன்றாவது தடவையில் பாசமாகத் தெரிந்த அதே டேக்தான், ஒரு ஃப்ரேம் கூட மாறவில்லை. ஆனால் இப்போது பார்த்தால் கடுகடுவென்று இருப்பான்.

கதாநாயகியை வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. வால்டர் மர்ச் என்ற படத்தொகுப்பாளர், ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மனிதன் இமைக்கிறான், நல்ல வெட்டும் அங்கேதான் விழும் என்று எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இது பாலபாடம். நான் அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தேன். அவள் இமைப்பதற்கு நாலைந்து ஃப்ரேம் முன்பே வெட்டிவிடுவேன். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நாலைந்து ஃப்ரேம் என்பது ஒன்றுமே இல்லை, கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் அவள் நினைப்பு முடியாமலே அடுத்த ஷாட்டுக்குப் போவதால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். அரை மணி நேரம் இப்படியே வெட்டி ஓட்டிப் பார்த்தபோது எனக்கே தலைவலி வந்தது. சரி, பாதியை எடுத்துவிட்டேன். திகில் படமென்றால் திகிலாகவே இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போனதில்லை. பின்னணி இசையில் ‘டொய்ங்’ என்று ஒன்றைத் தட்டி ஆளைத் தூக்கிப்போட வைப்பது சுலபம். ஆளை உட்கார வைப்பதுதான் வேலை.

உட்கார வைத்தது ஒரு ஃபோன் ஷாட். காணாமல் போனவனுக்கு அவள் வாட்ஸ்அப்பில் ‘எங்க இருக்க?’ என்று அனுப்புவாள். ஒற்றை டிக். செய்தி அவன் ஃபோனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அது இரண்டு டிக் ஆகுமா என்று அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள், நாமும் பார்ப்போம். முதலில் 30 ஃப்ரேம் வைத்தேன். தகவல் தெரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. 60 ஃப்ரேம் வைத்தபோது இழுக்கிறது என்று உதவியாளன் சொன்னான். 110 ஃப்ரேமுக்கு நீட்டினேன், கிட்டத்தட்ட நாலரை நொடி. அந்த இழுவை மாறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் திரையின் பக்கம் குனிந்தான். ஃபோனின் வெளிச்சம் தானாக மங்கும், அவள் கட்டைவிரல் வந்து மறுபடி தொடும். அப்போதும் ஒற்றை டிக்தான். அந்தக் கட்டைவிரல் எழுதியதில் இல்லை. நடிகை தானாகச் செய்தது.

தயாரிப்பாளர் தரப்புக்கு ஒரே கேள்வி: பையன் என்ன ஆனான்? கடைசியில் உடலாவது கிடைக்க வேண்டும் என்றார்கள். இயக்குநர் மசியவில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு ‘தெளிவில்லாத இழப்பு’ என்று இதற்கு ஒரு பெயரே வைத்தார். ஆள் இல்லை, ஆனால் மனதுக்குள் இருக்கிறான். அழுது முடிக்க வழியில்லை, காத்திருக்கவும் தெம்பில்லை. அந்த நிலையைப் பற்றித்தான் படமே என்று இயக்குநர் வாதாடினார். இரண்டு மாதம் இழுத்தது அந்தச் சண்டை. நான் இரண்டு முடிவையும் வெட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். கடைசியில் ஒற்றை டிக் ஜெயித்தது.

இனி கடிகாரம்.

படிக்கட்டுக் காட்சியில் ஒரு சிக்கல் இருந்தது. பேசுகிற இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு உண்டு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும். அவனுடைய ஒரு குளோசப்பை எடுத்தபோது கேமரா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அடுத்தடுத்து வைத்தால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்காது. இதற்கு எல்லாரும் செய்கிற வைத்தியம், ஷாட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப்போடுவது. பின்னால் எழுத்து எதுவும் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது. சட்டைப் பையும் தலைவகிடும் ஃப்ரேமுக்குள் வராதபடி பெரிதாக்கி வைத்தேன். சரியாக இருந்தது. மூன்று வாரம் கழித்து, படிக்கட்டு இன்னும் கொஞ்சம் தெரியட்டும் என்று இயக்குநர் சொல்ல, பெரிதாக்கியதைக் குறைத்தேன். அப்போது அவன் கை ஃப்ரேமுக்குள் வந்தது. இடது கையில் கட்டியிருந்த கடிகாரம் வலது கையில். நான் பார்க்கவில்லை.

படத்தை இருபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். அதில் ஒரு மாணவி கை தூக்கினாள். “நாலாவது தடவை வாட்ச் வலது கைல இருக்கு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவ ஞாபகம் பொய்னு.” இன்னும் இரண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர், அவன் உண்மையில் இரட்டையரில் ஒருவன் என்றே முடிவு கட்டியிருந்தார்.

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வந்தவர், ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் எதுவும் மாறாமல் கன்டினியூட்டி பார்க்கிற பெண் பக்கம் திரும்பி, “இதைக்கூட கவனிக்க மாட்டீங்களாம்மா?” என்றார். அவள் தன் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். அது என் வேலை என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், இருபது பேர் முன்னால் சின்னவனாக வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து இயக்குநரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் மோசம். “அப்ப அது அப்படியே இருக்கட்டும் அண்ணா. ஆறாவது தடவையிலயும் திருப்பிடலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். ஒரு முறை வந்தால் சந்தேகம், இரண்டு முறை வந்தால் பசில். அதில் நான் சொன்னது நடந்தது. கன்டினியூட்டிப் பெண்ணைப் பழித்த ஆளிடம் அன்றைக்கே ஃபோனில் சொல்லிவிட்டேன். “ஓ, அப்படியா” என்றார். அவர் மறந்தே போயிருந்தார்.

அவளிடம் நேரில் சொல்ல, ஒலிகளைச் சேர்க்கிற மிக்ஸிங் வரை ஆனது. சொன்னதும் ஃபோனை எடுத்து, படப்பிடிப்பில் எடுத்த புகைப்படத்தைக் காட்டினாள். படிக்கட்டு, நீலச் சட்டை, இடது கையில் கடிகாரம். நேரம் கூடத் தெரிந்தது: அஞ்சு இருபது.

“அன்னைக்கே இதைக் காட்டியிருக்கலாமேம்மா?”

“காட்டலாம்னுதான் தேடுனேன் அண்ணா” என்றாள். “எல்லாரும் வலதுன்னு சொன்னதும் எனக்கே வலதுன்னுதான் ஞாபகம் வந்துச்சு. இந்த போட்டோவைப் பாத்தப்புறமும் அப்படித்தான் வருது.”