சமாரியாவுக்குத் திரும்பிப் போன யோவான்

நம் கல்லூரியின் விருதுவாக்கு யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலிருந்து எடுத்தது என்பது இந்த மலரைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். "அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை." சான்றிதழிலும் பரிசுப் புத்தகத்திலும் அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். இயேசுவின் சீடரான அந்த யோவான் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் போர்டிங் மாஸ்டர்.

நான் சைவப் பிள்ளை. காலையில் திருநீறு பூசிக்கொள்வேன். மாலையில் விடுதிச் செபத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பேன். மாஸ்டர் எவரையும் மதம் மாறச் சொன்னதில்லை. ஆனால் யோவானைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கு நேரம் போவது தெரியாது. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்.

ஓவியங்களில் யோவானுக்கு மீசை அரும்பாத மென்மையான முகம். மாஸ்டருக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. கலிலேயாக் கடலில் வலை இழுத்தவன் கை எப்படி இருக்கும் என்று கரையூர் மீனவப் பிள்ளைகளைக் கேளுங்கள் என்பார். தகப்பன் செபெதேயுவுக்குச் சொந்தப் படகும் கூலியாட்களும் இருந்தார்கள். ஓரளவு வசதியான வீடு. அண்ணன் யாக்கோபும் தம்பி யோவானும் முன்கோபக்காரர்கள். அதனால்தான் இயேசு இருவருக்கும் "இடிமுழக்க மக்கள்" என்று பெயர் வைத்தார் என்பது மாஸ்டரின் முடிவு. யூதரோடு பகையாயிருந்த சமாரியரின் ஊர் ஒன்று அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்க மறுத்தபோது, வானத்திலிருந்து நெருப்பு இறங்கி இவர்களை எரிக்கும்படி நாங்கள் கட்டளையிடட்டுமா என்று கேட்டவர்கள் இந்தச் சகோதரர்கள். இயேசு அவர்களை அதட்டினார். பிறகு வேறொரு கிராமத்துக்குப் போனார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, ஒரு மாலைச் செபத்தில் மாஸ்டர் வாசித்தது இந்தப் பகுதியைத்தான். 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாகிவிட்டன. எங்கள் மனநிலை எப்படி இருந்தது என்பதை அந்தக் காலத்து மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதிலுக்கு எதையாவது எரிக்க வேண்டும் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் லூக்கா 9ஆம் அதிகாரத்தை வாசித்தார். பிறகு பக்கங்களைப் புரட்டி அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தை வாசித்தார். சமாரியர் தேவவசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு, எருசலேமில் இருந்த அப்போஸ்தலர்கள் பேதுருவையும் யோவானையும் அங்கே அனுப்புகிறார்கள். எரித்துவிடலாமா என்று யாரைப் பற்றிக் கேட்டாரோ அந்த மக்களின் தலைமேலேயே யோவான் கைவைத்துச் செபிக்கிறார். மாஸ்டர் விளக்கம் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிட்டார். எங்கள் கோபம் அன்று தணியவில்லை. ஆனால் அந்த இரண்டு அதிகாரங்களையும் அதற்குப் பிறகு என்னால் தனித்தனியாக வாசிக்க முடிந்ததில்லை.

அண்ணன் யாக்கோபை ஏரோது அரசன் வாளால் கொன்றான். பன்னிரு சீடரில் முதலில் உயிர்ப்பலியானவர் அவர். தம்பியோ முதுமைவரை வாழ்ந்ததாகத் திருச்சபை மரபு சொல்கிறது. எபேசு நகரில் தங்கியிருந்தார்; பத்மு தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்; ரோமப் பேரரசன் திராயான் காலம்வரை உயிரோடு இருந்தார். அவர் எபேசில் திராயான் காலம்வரை இருந்ததை எழுதிய இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனேயு, சிறுவயதில் சிமிர்னா ஆயர் பொலிகார்ப்புவின் பேச்சைக் கேட்டவர். பொலிகார்ப்பு யோவானிடம் நேரில் கேட்டவர் என்கிறார். இடையில் ஒரே ஒரு தலைமுறைதான். சுவிசேஷம், மூன்று நிருபங்கள், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கைதான் எழுதியதா என்ற கேள்வி மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு நடையை ஒப்பிட்டு, வெளிப்படுத்தலை எழுதியவர் வேறொரு யோவான் என்றார். அந்த விவாதத்தை அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

புலம்பெயர்ந்து வந்து பல ஆண்டுகளுக்குப் பின், துருக்கியில் எபேசு இடிபாடுகளை அடுத்த செல்சுக் என்ற ஊருக்குப் போனேன். ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசன் யோவானின் கல்லறைமேல் எழுப்பிய பெருங்கோயில் இன்று குன்றின்மேல் தூண்களும் சுவர்களுமாக நிற்கிறது. கல்லறை இருந்த இடத்தில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். கீழே சமவெளியில், உலக அதிசயங்களில் ஒன்றாக இருந்த ஆர்த்தெமிஸ் கோயிலின் இடத்தில் ஒரேயொரு தூண். நான் ஆர்த்தெமிஸ் கோயிலைப் பார்க்கப் போகவில்லை, மாஸ்டருக்காகப் போனேன்.

எபேசு கிழவரைப் பற்றி அவர் சொன்ன கதைகள் வேதாகமத்தில் இல்லை. நடக்க முடியாத வயதில் சீடர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வருவார்களாம். "பிள்ளைகளே, ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டாராம். எப்போதும் இதையே ஏன் சொல்கிறீர்கள் என்று சலித்துக் கேட்டவர்களுக்கு, ஆண்டவர் கட்டளை இது, இது ஒன்று நடந்தாலே போதும் என்றாராம். இதை எழுதிவைத்தவர் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம். இரண்டாவது கதையைத் தொடக்கத் திருச்சபை ஆசிரியரான அலெக்சாந்திரியா கிளெமந்து எழுதியிருக்கிறார்.

யோவான் ஒரு வாலிபனை அயலூர் ஆயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஆயர் அவனை வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்து, அதோடு கவனிப்பைத் தளர்த்திவிடுகிறார். அவன் கூட்டம் சேர்ந்து மலையில் கொள்ளையர் தலைவனாகிறான். திரும்பி வந்த யோவான், நான் கொடுத்துவைத்ததைத் திருப்பித் தாருங்கள் என்கிறார். பணம் எதையும் வாங்கவில்லையே என்று ஆயர் திகைக்கிறார். அந்தப் பிள்ளையைக் கேட்கிறேன் என்கிறார் யோவான். செத்துவிட்டான், தேவனுக்குச் செத்துவிட்டான் என்று பதில் வருகிறது. கிழவர் உடையைக் கிழித்துக்கொண்டு குதிரை கேட்கிறார். காவல் நின்ற கொள்ளையரிடம் தானே பிடிபட்டு, உங்கள் தலைவனிடம் கொண்டுபோங்கள் என்கிறார். தலைவன் அவரைக் கண்டதும் வெட்கப்பட்டு ஓடுகிறான். யோவான் தம் வயதை மறந்து பின்னால் ஓடுகிறார்: மகனே, ஆயுதமில்லாத இந்தக் கிழத் தகப்பனைக் கண்டு ஏன் ஓடுகிறாய்? அவன் நின்று அழுகிறான், வலது கையை மட்டும் மறைத்துக்கொண்டு. அவர் அந்தக் கையைப் பிடித்து முத்தமிடுகிறார்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு மாஸ்டர் இதை அடிக்கடி சொன்னார். விடுதியில் கட்டில்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம். ஆயுத இயக்கங்களுக்குப் போன பிள்ளைகள் ஒருவரையும் அவர் கள்வர் என்று நினைத்தவரல்லர். அப்படி யாராவது பேசினால் கோபப்படுவார். அவர் மனதில் இருந்தது அந்த ஆயரின் அசட்டை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தாமே கணக்குச் சொல்ல வேண்டும் என்று நம்பினார். சைக்கிளில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போய்த் தாய்மாரைப் பார்த்தார். முகாம் எங்கே என்று தெரிந்தால் அங்கேயும் போய் வாசலில் நின்று, என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பினார்.

அவரோடு சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து திரும்பி வந்த ஒருவர் நம் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறார். வழியில் மாஸ்டர் என்ன பேசினார் என்று அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கு மனம் இருந்தால், அடுத்த மலரில் அதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.