படிவம் பேசாமல் இருந்த நேரம்

நான் செய்த இணையப் படிவத்தைச் சோதித்துப் பார்க்க வந்தவர், சமர்ப்பிக்கும் பொத்தானில் என்டர் தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக் காத்திருந்தார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. நாலைந்து விநாடி கழித்து என் பக்கம் திரும்பி, "பதிவாயிடுச்சாங்க?" என்றார்.

திரையில் பிறந்த தேதிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் 'தவறான உள்ளீடு' என்று ஒரு வரி. எனக்கு அது தெரிந்தது. பார்வையற்ற அவருக்கு என் படிவம் எதையுமே சொல்லவில்லை.

வாய் திறக்கப் போனேன். சோதனையை நடத்திய சக ஊழியர் கையைக் காட்டித் தடுத்தார். பயனர் சோதனையில் கூட இருப்பவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சோதிக்க வந்தவர் மேலிருந்து மறுபடி ஆரம்பித்து, டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தார். எழுதியது எல்லாம் எழுதியபடியே இருந்தது. மறுபடி என்டர், மறுபடி அமைதி. கடைசியில் "நெட் கட்டாயிடுச்சு போல. வீட்ல யாரையாவது விட்டு போட்டுக்கறேன்" என்று எழுந்துகொள்ளப் பார்த்தார். தானே செய்யக்கூடிய வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க அவர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்பதுதான் எனக்கு உறைத்தது.

அன்று காலையில்தான் அதே பக்கத்துக்கு, இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவி, அணுகுதன்மையில் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதில்) 100-க்கு 100 மதிப்பெண் கொடுத்திருந்தது. அந்த எண்ணைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பியதும் நான்தான். படத்துக்கு மாற்று உரை (படத்தை விவரிக்கும் எழுத்து) இருக்கிறதா, கட்டத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். பிழை நேர்ந்தபின் ஒருவர் அதைத் தெரிந்துகொள்ள வழியிருக்கிறதா என்று அது என்டர் தட்டிப் பார்ப்பதில்லை.

காரணம் எளிமையானது. சிவப்புக் கோடு வெறும் சிஎஸ்எஸ் அலங்காரம், கண்ணுக்கு மட்டும் தெரியும் தோற்றம். பிழை வரியை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பக்கத்தில் சேர்த்தது, ஆனால் அந்த வரிக்கும் கட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் வைக்கவில்லை. ஃபோகஸ், அதாவது விசைப்பலகை அப்போது நிற்கும் இடம், பொத்தானிலேயே நின்றுவிட்டது. திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவைத்தான் அவர் பயன்படுத்தினார். அதற்குப் படிக்க எதுவும் இல்லை. திருத்தத்துக்கு அரை நாள்கூட ஆகவில்லை: பிழை வந்தால் ஃபோகஸ் முதல் தவறான கட்டத்துக்குப் போகும், பிழை வரி அந்தக் கட்டத்தின் விளக்கமாக இணைந்திருக்கும். நேரம் எடுத்தது வாசகத்துக்குத்தான். 'தவறான உள்ளீடு' கண்ணால் பார்ப்பவருக்கும் உதவாத வாக்கியம். 'நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுங்கள்' என்று மாற்றினோம். ஆண்டை முதலில் எழுதியதுதான் அவர் செய்த தவறு.

அதே ஒரு மணி நேரத்தில் இன்னும் நிறைய வெளிப்பட்டது. தலைப்புகளுக்குத் தாவ எச் விசையைத் தட்டினார். தலைப்பே இல்லை என்றது ஸ்கிரீன் ரீடர். எங்கள் தலைப்புகள் எல்லாம் கொட்டை எழுத்தாக்கிய சாதாரண வரிகள். இணைப்புகளின் பட்டியலைத் திறந்தார். 'மேலும் படிக்க', 'மேலும் படிக்க', 'மேலும் படிக்க' என்று வரிசையாக ஓடியது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோது ஆங்கிலக் குரல் தடுமாறியது. வார்ப்புருவில் மொழி ஆங்கிலம் என்றிருந்ததை யாரும் மாற்றவில்லை. ஒரே ஒரு குறிச்சொல்லில் இரண்டு எழுத்து மாறவேண்டிய வேலை அது.

இவை எதுவும் புதிய விதிகள் அல்ல. பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, பக்கத்தின் மொழியைக் குறிக்க வேண்டும், விசைப்பலகையில் நகரும்போது ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நான்குமே 2008 டிசம்பரில் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகுதன்மை வழிகாட்டு விதிகளில் இருக்கின்றன. கடைசி விதியை மீறியது நான். ஃபோகஸைச் சுற்றி உலாவி போடும் கோடு அழகாக இல்லை என்று வடிவமைப்பாளர் சொன்னதும், மறுபேச்சில்லாமல் ஒரே வரியில் தளம் முழுக்க நீக்கியிருந்தேன். கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாதவர்களுக்கு, பக்கத்தில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே அதனால் தெரியாமல் போயிருக்கும்.

அதே வடிவமைப்பாளருடன் சாம்பல் நிறத்துக்காக நடந்த வாக்குவாதம் ஒரு வாரம் நீண்டது. அவருக்குப் பிடித்த #999999 என்ற சாம்பல், வெள்ளைப் பின்னணியில் 2.85:1 வேறுபாட்டு விகிதம்தான் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) தரும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 வேண்டும். #777777 கூட 4.48-இல் நின்றுவிடும், #767676 வந்தால்தான் 4.54. விகிதத்தைச் சொன்னபோது அவர் அசையவில்லை. மடிக்கணினியை ஜன்னலோரம் வெயிலில் வைத்து, அவருடைய சாம்பலையும் #767676-ஐயும் காட்டினேன். "சரி, மாத்திக்கலாம்" என்றார். விதிப்புத்தகத்தைக் காட்டி யாரையும் இணங்கவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை தானே கேட்கிறார்.

நான் பெருமையாக நினைத்திருந்த ஒன்றையும் தூக்கிப்போட்டேன். டிவ் எனப்படும் வெறும் பெட்டிகளை அடுக்கி, இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த கீழ்விரி பட்டியல் அது. பார்க்க மிக நன்றாக இருக்கும், ஆனால் அம்பு விசைக்கு அசையாது. அதன் இடத்தில் எச்டிஎம்எல்லில் தயாராக இருக்கும் சாதாரணத் தேர்வுப் பட்டியலான 'செலக்ட்' வைத்தேன். விசைப்பலகை, ஸ்கிரீன் ரீடர், கைபேசியின் பெரிய தேர்வுப்பட்டி எல்லாவற்றையும் உலாவியே பார்த்துக்கொண்டது. மனசுக்குக் கொஞ்சம் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து, முதல் சோதனைக்கு வந்தவரே மறுபடி வந்தார். தேதியை வேண்டுமென்றே மாற்றி எழுதினார். என்டர் தட்டியதும் குரல் பிழையைச் சொன்னது, திருத்தினார், படிவம் போய்ச் சேர்ந்தது. "இப்பதான் இது பேசுது" என்றார்.

அடுத்த பக்கத்தில் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை (ஓடிபி) கேட்டது. அவர் கைபேசியை எடுத்து, கைபேசியின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கில் செய்தியைத் தேடிக் கேட்டு, ஆறு இலக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு மடிக்கணினிக்குத் திரும்பியபோது குறியீட்டுக்கு நாங்கள் வைத்த 60 விநாடி முடிந்திருந்தது. நேரம் தீரும் முன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தருவது ஒரு வழி என்று டபிள்யூசிஏஜி விதி சொல்கிறது. பாதுகாப்புக் குழு 60-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.