வெப்பம் தாங்குவது நொதியம் மட்டும்தான்

மட்டக்களப்பில் அல்டிகைட்டை அமிலமாக்கும் அல்டிகைட் டிஹைட்ரோஜினேஸ் நொதியத்தோடு வேலை செய்யப் போகிறவர்கள், பார்சல் வரும் முன்பே களஞ்சியத்தில் பேசி வைத்துவிடுங்கள்.

எங்கள் ரெஜிபோம் பெட்டி கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தது. எழுதுவினைஞர் சீட்டில் ‘வெப்பம் தாங்கும் நொதியம்’ என்றிருந்ததைப் படித்தார். பெட்டியை ஜன்னலோர மேசையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை கேட்டால், “வெப்பம் தாங்கும் சாமானுக்குக் குளிர்சாதனப் பெட்டி எதற்குத் தம்பி?” என்கிறார். இப்போதெல்லாம் சீட்டில் நொதியத்தின் பெயரே எழுதுவதில்லை. ‘உடன் குளிரில் வைக்கவும்’ என்பது மட்டும், சிவப்பு மையில், தமிழிலும் சிங்களத்திலும்.

நொதியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது. அது வெந்நீர் ஊற்றில் வாழும் தேர்மஸ் தேர்மோஃபிலஸ் பக்டீரியாவினுடையது, மரபணுவை ஈ.கோலை என்ற ஆய்வுகூடப் பக்டீரியாவுக்குள் வைத்து ஆக்கியது. 70 பாகையில் சூடாக்கினால் ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் அவித்த முட்டை வெள்ளைபோலத் திரண்டு படியும். இந்த நொதியம் மட்டும் மேலே தெளிந்த கரைசலில் நிற்கும். கொழும்பில் சுத்திகரித்ததும் அப்படித்தான்.

போனது அதே பெட்டியில் வந்த அசற்றல்டிகைட், நொதியம் மாற்ற வேண்டிய அல்டிகைட். அதன் கொதிநிலை ஏறத்தாழ 20 பாகை. நம்மூரில் நள்ளிரவிலும் அதைவிடச் சூடு. போத்தல் மூடியைத் திருகியதும் சீறியது, உள்ளே பாதிகூட இல்லை. (புகைக்கூண்டுக்குள் வைத்தே திறவுங்கள்.) தாக்கத்தில் ஐதரசனை ஏற்கும் என்.ஏ.டி தூள் ஈரம் படாததால் பிழைத்தது.

புதிய போத்தலுக்கு மூன்று விலைமனு கேட்டார்கள். அந்தக் கதை வேண்டாம். அது வந்த பிறகும், ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 340 நனோமீற்றரில் கோடு கொஞ்சம் ஏறிப் படுத்துவிட்டது. இந்த நொதியத்தின் உயிர்ப்பு மையம், அதாவது தாக்கம் நடக்கும் இடம், ஒரு சுரங்கத்தின் உள்ளே இருக்கிறது. அங்குள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் அல்டிகைட்டைப் பிடித்துக்கொள்ளும், ஐதரைட்டு (இரு இலத்திரனோடு வரும் ஐதரசன்) என்.ஏ.டிக்கு மாறும், பிறகு நீர் வந்து அதை அமிலமாக விடுவிக்கும். உண்டாகும் என்.ஏ.டி.எச்தான் 340இல் ஒளியை உறிஞ்சுவது. சோதனை நடக்கும் 60 பாகையில் அல்டிகைட்டே ஆவியாகிப் பறந்தால் சிஸ்டீன் எதைப் பிடிக்கும்?

எக்சனால் (hexanal) என்ற பெரிய அல்டிகைட்டுக்கு மாறினோம். கொதிநிலை 130 பாகைக்கு அருகில். கோடு நேராக ஏறியது! அன்று ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் என் செலவில் பிளேன்ரீ.

பீ.எச். மாறாமல் வைக்கும் தாங்கற் கரைசலுக்கு டிரிஸ் என்ற அமீன் சேர்வையை எடுக்காதீர்கள். பாகைக்கு 0.03 அளவில் அதன் பீ.எச். இறங்கும், அறையில் சரிபார்த்தது 60 பாகையில் பொய்யாகிவிடும். போதாக்குறைக்கு அதன் அமீன் அல்டிகைட்டோடும் சேரும். பொஸ்பேற்றில் இந்தத் தொல்லை இல்லை.